உங்கள் மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை கிடைக்கச் செய்வது எப்படி?

புற்றுநோய் வலிக்கு என்ன மருந்து தேவை என்று தெரிந்தும், அந்த மருந்து தங்கள் மருத்துவமனையில் இல்லாததால் கையைப் பிசைந்து நிற்கும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஒரு அரசு மாவட்ட மருத்துவமனையிலோ நடுத்தரமான தனியார் மருத்துவமனையிலோ சேர்ந்திருப்பீர்கள். புற்றுநோயாளிகள் தினமும் வருகிறார்கள். பாராசிட்டமால் இருக்கிறது, டைக்ளோஃபெனாக் ஊசி இருக்கிறது, டிராமடால் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மார்ஃபின் பழைய மருந்துதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கான படிநிலை முறையை வெளியிட்டு, கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் கொடுக்கச் சொல்லிவிட்டது. ஆனால் இதுவரை யாரும் கொடுத்துப் பார்க்காத ஒரு வார்டில் அது புதிய மருந்துதான். மெதடோன் என்ற இன்னொரு வலுவான வலி மருந்து, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச், வலியைக் கடத்தும் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் பிளாக் என்று அடுத்து எதைக் கொண்டுவர நினைத்தாலும் இதே ஆட்கள், இதே தயக்கங்கள்தான் எதிரே நிற்கும். அதனால் மார்ஃபினை வைத்தே வழியைக் கற்றுக்கொள்ளலாம்.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சுட்டும் ஆய்வின்படி, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களில் 55 சதவீதம் பேருக்கும், நோய் முற்றியவர்களில் 66 சதவீதம் பேருக்கும் வலி இருக்கிறது. மார்ஃபினுக்கு மூலப்பொருளான ஓபியமோ நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. மாத்திரையின் விலையும் மிகக் குறைவு. அப்படியிருந்தும் நோயாளியின் கைக்கு அது போய்ச் சேராததற்குக் காரணம், மருத்துவமனையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பயம் இருக்கிறது, யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாரையும் ஓர் அரங்கில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தால் அந்தப் பயங்கள் போய்விடாது. யாருக்கு எது பயம் என்று கண்டுபிடித்து, அவரவருக்கான பதிலைக் கொடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

முதல் படி: ஒரு வாரம் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால், ஒரே ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு புற்றுநோயாளியிடமும் தினமும் ஒருமுறை வலியைக் கேளுங்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி. எண் சொல்ல வராதவர்களிடம், ஒரு ரூபாயில் எத்தனை அணா வலி என்று கேட்டால் பல பெரியவர்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள்.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் முன்னால் கேட்டால் பெரும்பாலும் "பரவாயில்லைங்க" என்றுதான் பதில் வரும். வலி அதிகம் என்று சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நோயாளி நினைக்கிறார். அதனால் ரவுண்ட்ஸ் முடிந்தபின் போய், "ராத்திரி தூங்கினீங்களாம்மா? எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியுது?" என்று கேளுங்கள். உண்மை வெளியே வரும்.

வலி எப்படி இருக்கிறது என்பதையும் அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். "எரியுது", "கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்குது", "மரத்துப்போய் ஊசி குத்துது" என்றால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மார்ஃபின் மட்டும் போதாது, அமிட்ரிப்டிலினோ கபாபென்டினோ சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். "எலும்புக்குள்ள குடையுது, அசைஞ்சா உயிர் போகுது" என்பது எலும்புக்குப் பரவியிருப்பதைக் காட்டலாம். ஒன்றை மட்டும் தவற விடாதீர்கள்: முதுகு வலியோடு கால் வலுவிழப்பதோ, சிறுநீர் போவதில் சிரமமோ சேர்ந்து வந்தால் தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு, அன்றே மூத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் நிரந்தரமாகச் செயலிழந்துவிடக்கூடும்.

அந்த ஒரு வாரக் குறிப்பில் எத்தனை பேருக்கு வலி 7-க்கு மேல் இருந்தது, அவர்களுக்கு என்ன மருந்து போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாளைக்கு டீனிடமோ நிர்வாக இயக்குநரிடமோ பேசப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆவணம் அதுதான்.

இரண்டாம் படி: சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

மருந்தகத்தில் போய் மார்ஃபின் மாத்திரை என்று சொன்னதும், "அதெல்லாம் லைசென்ஸ் பிரச்சினை சார்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1985-ல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் கடத்தலைத் தடுக்க வந்தது. ஆனால் பத்தாண்டு, இருபதாண்டுச் சிறை என்று பேசும் அந்தச் சட்டத்தின் நிழல் மருத்துவமனைகள் மீதும் விழுந்தது. மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விதிகள், ஒரு மாத்திரைக்குப் பல துறைகளின் உரிமங்கள், ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி. மருந்தகங்கள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 1997-க்குள் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1985-ல் இருந்ததைவிட 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்தார்கள்.

இன்றைய நிலை அப்படி இல்லை. 2014-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய 6 மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகைப்படுத்தப்பட்டன. 2015-ல் நாடு முழுவதற்கும் ஒரே விதிகள் வந்தன. இப்போது உங்கள் மருத்துவமனை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பித்து, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே ஒரு அங்கீகாரத்தைப் பெற வேண்டும். முன்பு போல ஒவ்வொரு அலுவலகமாக ஏற வேண்டியதில்லை.

அதற்கு வேண்டியவை: வலி நிவாரணத்திலும், கடும் நோயின் வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சையிலும் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும், மருந்துக்குப் பொறுப்பேற்கும் ஆள் வேண்டும், வரவு செலவுப் பதிவேடு வேண்டும், ஆண்டுதோறும் எவ்வளவு தேவை, எவ்வளவு செலவானது என்று கணக்கு அனுப்ப வேண்டும். பயிற்சிக்கு இந்திய நோய்த்தணிப்பு சிகிச்சைச் சங்கம் நடத்தும் அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பின் திருவனந்தபுரம் நிறுவனத்திலும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கிடைக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் இடமாறுதல் வரும், தனியார் மருத்துவமனை என்றால் வேறு வேலைக்குப் போவார். அந்த ஒருவர் போன மறுநாளே அலமாரி பூட்டப்படும். அங்கீகாரம் சுவரில் தொங்கும், மாத்திரை காலாவதியாகும். இரண்டு மருத்துவர்கள், கூடவே நிலையாக இருக்கக்கூடிய ஒரு செவிலியர், இதுதான் குறைந்தபட்சம்.

மூன்றாம் படி: மருந்தாளுநரிடம் முதலில் போங்கள்

பெரும்பாலானவர்கள் துறைத்தலைவரிடம் தொடங்குவார்கள். என் கருத்து வேறு. துறைத்தலைவர் ஐந்து நிமிடத்தில் சரி என்று சொல்லிவிடுவார். சிக்கல் வந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்தான் விசாரணையில் நிற்க வேண்டும், அவர் மருந்தாளுநர். அவருடைய பயம் நியாயமானது. "பயப்படாதீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. விதிகளின் நகலைக் கையில் கொடுங்கள். மாத்திரை குறைந்தால், உடைந்தால், காலாவதியானால் என்ன எழுத வேண்டும், யார் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும் என்பதை எழுத்தில் முடிவு செய்து, நிலைய மருத்துவ அலுவலரின் ஒப்புதலோடு அவரிடம் கொடுங்கள்.

அவரோடு உட்கார்ந்து தீர்க்க வேண்டிய கேள்விகள் மிகச் சாதாரணமானவை. சாவி யாரிடம்? அவர் விடுமுறையில் இருந்தால்? ஞாயிற்றுக்கிழமை? இரவு 11 மணிக்கு வார்டில் மாத்திரை தீர்ந்தால்? ஒவ்வொரு வார்டிலும் பூட்டோடு ஒரு சிறு பெட்டியும் இரண்டு நாளுக்கான இருப்பும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு நோயாளிக்கு மார்ஃபின் தொடங்கிவிட்டு மூன்றாம் நாள் ஸ்டாக் இல்லை என்று சொல்வது, தொடங்காமலே இருந்ததைவிடக் கொடுமை. அடக்கி வைத்திருந்த வலி மொத்தமாகத் திரும்பும், கூடவே மருந்து திடீரென நின்றதால் வரும் உடல் தொந்தரவுகளும் வரும்.

வாங்கும்போது 10 மில்லிகிராம் சாதாரண மாத்திரையை முதலில் வாங்குங்கள். நாளுக்கு இரண்டு முறை போடும் நீடித்த செயல்பாட்டு மாத்திரைகளை விற்பனைப் பிரதிநிதிகள் பரிந்துரைப்பார்கள். விலை கூடுதல், தொடக்க அளவைச் சரிசெய்வதும் கடினம். மலிவான சாதாரண மாத்திரையில் லாபம் குறைவு என்பதால் விநியோகஸ்தர்கள் அதில் ஆர்வம் காட்டுவதில்லை. அதனால் இன்டென்ட்டை, அதாவது கொள்முதல் கோரிக்கையை, முன்கூட்டியே போட்டு, விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. அறுவை அரங்கம் உள்ள மருத்துவமனைகள் பலவற்றில் மார்ஃபின் அல்லது ஃபென்டனில் ஊசி ஏற்கெனவே இருக்கும். மயக்கவியல் மருத்துவர்கள் அதைத் தினமும் கையாள்கிறார்கள், பதிவேடும் வைத்திருக்கிறார்கள். மாத்திரைக்காகக் குரல் கொடுக்க உங்களுக்கு ஒரு மூத்தவர் வேண்டும் என்றால் அந்தத் துறையில் தேடுங்கள்.

நான்காம் படி: ஒவ்வொருவருடைய பயத்துக்கும் ஒரு பதில்

பொது மருத்துவர்களுக்கு இரண்டு பயம், அடிமையாதல், மூச்சு அடங்குதல். அடிமையாதல் பற்றி நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்பு சிகிச்சைச் சங்கம், வெளிநோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபின் கொடுத்து வீட்டுக்கே அனுப்பியது. அப்படி மருந்து பெற்ற 1,723 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளிச்சந்தைக்குப் போனதாகவோ ஒரு நிகழ்வும் தென்படவில்லை. நாள்பட எடுத்தால் உடல் பழகும் என்பது உண்மைதான். அதனால் நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்த வகை மருந்துகளுக்குப் பலர் அடிமையானதைப் பார்க்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே 1996-ல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் போன்ற மருந்துகளைப் புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிகளுக்கும் தாராளமாக எழுதும்படி கம்பெனிகள் தீவிரமாக விளம்பரம் செய்தன, வீடுகளில் மாத்திரைகள் குவிந்தன. நாம் செய்யப்போவது யாருக்கு, எதற்கு, எத்தனை மாத்திரை என்று ஒவ்வொன்றையும் எண்ணிக் கொடுப்பது. பதிவேட்டைச் சுமையாக நினைக்கும் சக ஊழியரிடமும் இதைச் சொல்லுங்கள். நோயாளிக்கும் நமக்கும் காவல் அந்தப் பதிவேடுதான்.

மூச்சு அடங்கும் பயத்துக்கு விதிமுறைதான் பதில், அது அடுத்த படியில் வருகிறது.

புற்றுநோய் மருத்துவருடைய தயக்கம் வேறு. மார்ஃபின் எழுதினால் "நான் கைவிட்டுவிட்டேன்" என்று நோயாளி புரிந்துகொள்வார் என அவர் நினைக்கிறார். அவரிடம் கீமோவின்போதே வலியைக் கட்டுப்படுத்தினால் நோயாளி சாப்பிடுவார், தூங்குவார், அடுத்த சுற்றுக்கு ஒழுங்காக வருவார் என்று பேசுங்கள். அவருடைய நோயாளிகளில் ஒருவரிடம் அதைக் காட்டிவிட்டால் அடுத்த பரிந்துரை அவரிடமிருந்தே வரும்.

செவிலியரின் பயத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நோய் மிகவும் முற்றியவருக்கு இரவு 10 மணிக்கு மாத்திரை கொடுக்கிறார், விடிவதற்குள் அவர் இறந்துவிடுகிறார். "நான் கொடுத்ததாலதான் போயிட்டாரோ" என்ற எண்ணம் அந்தச் செவிலியரை விட்டுப் போகாது. அடுத்த முறை அவர் மருந்தைத் தள்ளிப்போடுவார், குறைத்துக் கொடுப்பார், "தூங்குறாரு, எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டேன்" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி ஒரு மரணம் நடந்த மறுநாள், மூத்த மருத்துவர் வார்டுக்கு வந்து, அந்த நோயாளி எந்த நிலையில் இருந்தார், ஏன் இறந்தார், கொடுத்த அளவு ஏன் சரியானது என்று செவிலியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இதைச் செய்யும் வார்டுகளில் இரவு மருந்து தவறுவதில்லை.

குடும்பத்தின் பயம் எல்லாருக்கும் தெரிந்தது. மகன் உங்களைத் தனியாக அழைத்து, "சிஸ்டர், இது கடைசியா குடுக்குற மருந்துதானே? அப்பாவுக்கு முடிஞ்சிடுச்சா?" என்பார். அவசரமாக "அதெல்லாம் இல்லை" என்று சொல்லி நகராதீர்கள். உட்காருங்கள். "தம்பி, அப்பாவுக்கு வலி எவ்வளவு இருக்கோ அதைப் பார்த்துத்தான் இந்த மருந்து. எத்தனை நாள் இருப்பார்னு பார்த்து இல்ல. வலி குறைஞ்சா எழுந்து உட்காருவார், உங்ககூட பேசுவார். முதல் ரெண்டு மூணு நாள் தூக்கம் வரும். இத்தனை நாள் வலியில தூங்காத தூக்கமும் அதுல இருக்கு. எழுப்பினா எழுந்துக்கணும், எழுந்துக்கலேன்னா உடனே என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். நோயாளிக்கே வேறொரு கணக்கு இருக்கும். இப்போதே வலுவான மருந்தைப் போட்டுவிட்டால் பின்னால் வலி கூடும்போது எதுவும் கேட்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். மார்ஃபினுக்கு உச்ச அளவு என்று ஒன்று கிடையாது, வலி கூடினால் அளவைக் கூட்ட முடியும் என்று அவரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே பக்க விதிமுறை

முப்பது பக்கக் கையேடு மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஒரு பக்கத்தில், வார்டுச் சுவரில் ஒட்டும்படி எழுதுங்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் உங்கள் மருத்துவமனைக்கு ஏற்ப அதை இறுதி செய்ய வேண்டும். அதில் இடம்பெற வேண்டியவை இவை.

தொடக்க அளவு: இதற்கு முன் இந்த வகை மருந்து எடுக்காத, சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவருக்கு 5 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதியவர், மெலிந்தவர் என்றால் 2.5 மில்லிகிராம். டிராமடால் எடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும், எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பாராசிட்டமால் தொடரலாம்.

நேரம்: நான் பார்த்தவரை புதிய இடங்களில் எல்லாம் திட்டம் இடறி விழுவது இங்கேதான். வார்டின் மருந்து நேரம் காலை 8, மதியம் 2, இரவு 8 என்று ஓடிக்கொண்டிருக்கும். நாலு மணி நேர மருந்து அதற்குள் பொருந்தாது. மருத்துவர் சரியாக எழுதியிருப்பார், செவிலியரும் தன் வழக்கப்படி சரியாகக் கொடுத்திருப்பார், நோயாளிக்குப் பாதி மருந்துதான் போயிருக்கும். "மார்ஃபின் கேட்கவில்லை" என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளையாக எழுதுங்கள். இரவு 10 மணிக்கு இரட்டை அளவு கொடுத்தால் நடுஇரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. இந்த நேரங்களைச் செவிலியர் கண்காணிப்பாளரோடு பேசி முடிவு செய்த பிறகே முதல் நோயாளிக்குத் தொடங்குங்கள்.

இடையில் வலி வந்தால்: ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கலாம். அடுத்த வேளை மருந்து அதனால் தள்ளிப்போகக் கூடாது. கூடுதல் மருந்து அடிக்கடி தேவைப்பட்டால் மறுநாள் மருத்துவர் மொத்த அளவை 30 முதல் 50 சதவீதம் வரை கூட்டுவார்.

மலச்சிக்கல்: மார்ஃபின் எழுதும் கையே மலமிளக்கியையும் எழுத வேண்டும். பிசகோடிலோ சென்னாவோ முதல் நாளிலிருந்தே. மற்றப் பக்கவிளைவுகள் சில நாளில் பழகிவிடும், இது பழகாது. வலி போய்விட்டது, வயிறு அடைத்துக்கொண்டது என்று மாத்திரையை விட்டுவிடும் நோயாளிகள் நிறைய. குமட்டலுக்கு முதல் சில நாள் மெட்டோகுளோப்ரமைடு போதும். ஆனால் குடலடைப்பு இருந்தால் அது கூடாது.

மயக்கம்: மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கம் ஆழமாகும். அதனால் ஒவ்வொரு வேளையும் மாத்திரைக்கு முன் நோயாளி கூப்பிட்டால் விழிக்கிறாரா என்று பார்த்துக் குறியுங்கள். தட்டினாலும் விழிக்கவில்லை, அல்லது மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே என்றால் மருந்தை நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மார்ஃபினின் விளைவை முறிக்கும் நலோக்சோன் ஊசி வார்டிலேயே இருக்கட்டும். 0.4 மில்லிகிராம் குப்பியை 10 மில்லியாகக் கரைத்து, ஒவ்வொரு மில்லியாக, மூச்சு சீராகும் வரை மட்டும். முழுக் குப்பியையும் ஒரே வீச்சில் ஏற்றினால் அடங்கியிருந்த வலி முழுவதும் ஒரே நொடியில் திரும்பிவிடும்.

சிறுநீரகம்: அது பழுதாகியிருந்தால் மார்ஃபினின் கழிவு உடலில் தேங்கும். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், பேச்சு குழம்பும். அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுவதா, ஃபென்டனிலுக்கு மாறுவதா என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

ஆறாம் படி: சிறிதாகத் தொடங்குங்கள், வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்

முதல் சில நோயாளிகளை ஒரே வார்டில் வைத்துத் தொடங்குங்கள். திங்கட்கிழமை காலை தொடங்கினால் நல்லது, அளவைச் சரிசெய்ய வாரம் முழுக்க ஆட்கள் இருப்பார்கள். சனிக்கிழமை மாலை வேண்டாம்.

பலர் மறந்துபோகும் இடம் டிஸ்சார்ஜ். ஊருக்குப் போனபின் அங்கே மருந்துக்கடைகளில் பெரும்பாலும் மாத்திரை கிடைக்காது. எத்தனை நாளுக்குக் கொடுக்கிறோம், தீர்வதற்கு எத்தனை நாள் முன்னால் வர வேண்டும், நோயாளி வர முடியாவிட்டால் குடும்பத்தில் யார் வாங்கிப் போகலாம், என்ன அடையாள அட்டை கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். வேளைகளைச் சூரியன், நிலா படம் போட்டுக் காட்டினால் படிக்கத் தெரியாத பாட்டியும் பின்பற்றுவார். ஓர் அழைப்பு எண் இருக்கட்டும், அதை எடுக்க ஓர் ஆளும் இருக்கட்டும்.

கேரளம் நம்மைவிட முன்னே போனதற்குக் காரணம் இந்த இணைப்பை ஊருக்குள் கட்டியதுதான். 2008-ல் அங்கே மாநில அரசு நோய்த்தணிப்பு சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்தது, உள்ளாட்சிகளும் வீடு தேடிச் செல்லும் செவிலியர்களும் அதில் பங்கெடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. உங்கள் வட்டாரத்தில் அந்தப் பணியைப் பார்க்கும் செவிலியர் யார் என்று கேட்டு, டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவருடைய விவரத்தையும் நோயாளியின் சம்மதத்தோடு அவரிடம் சேர்த்துவிடுங்கள். மார்ஃபின் கையில் இல்லாவிட்டாலும், மலச்சிக்கலைக் கேட்பார், வலி கூடியதைப் பார்த்து உங்களை அழைப்பார்.

நோயாளி இறந்தபின் மிஞ்சிய மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் அதைப் புதிதாகக் கேட்பது சங்கடம்.

ஏழாம் படி: கணக்குக் காட்டுங்கள்

மூன்று மாதம் கழித்து, முதல் வாரத்தில் எடுத்த அதே கணக்கை அதே வார்டில் மறுபடி எடுங்கள். வலி 7-க்கு மேல் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு நாளுக்குள் 3-க்குக் கீழே இறங்கியது? எத்தனை வேளை மருந்து தவறியது? நலோக்சோன் எத்தனை முறை தேவைப்பட்டது? பதிவேட்டில் எத்தனை மாத்திரை கணக்கில் வரவில்லை? கடைசி இரண்டு கேள்விகளுக்கான விடையைத்தான் நிர்வாகம் முதலில் பார்க்கும். அதைக் காட்டிவிட்டால் அடுத்த வார்டுக்கு அனுமதி கேட்பது எளிது. வேளை தவறியவை அதிகம் என்றால் செவிலியர்களைத் திட்டுவதற்கு முன்னால், எந்த நேரத்து வேளை தவறுகிறது என்று பாருங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் இருக்கும். அந்த வேளையை யார் கொடுப்பது என்று பெயர் போட்டு முடிவு செய்தால் சரியாகிவிடும்.

அடுத்த சிகிச்சைகள்

மார்ஃபின் ஓடத் தொடங்கியபின் மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம். ஃபென்டனில் பேட்ச் விலை கூடியது. ஒட்டியபின் முழுப் பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அளவு நிலைபெறாத வலிக்கும், முன்பு மார்ஃபின் எடுக்காதவருக்கும் அது ஏற்றதல்ல. விழுங்க முடியாத, தொண்டைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு வரம். பேட்ச் மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது, சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும். இதைக் குடும்பத்திடம் கட்டாயம் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் வலி என்றாலே ஒத்தடம்தானே.

மெதடோன் மலிவு, நரம்பு வலியிலும் உதவும். ஆனால் உடலில் தங்கும் நேரம் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். அளவைக் கூட்டிய நாளில் நன்றாக இருந்தவர் நாலாம் நாள் மயங்கலாம். இதய மின்பதிவும் பார்க்க வேண்டும். அனுபவமுள்ளவரின் மேற்பார்வை இல்லாத இடத்தில் இதைத் தொடங்க வேண்டாம் என்பேன்.

கணையப் புற்றுநோயின் மேல்வயிற்று வலிக்கு வயிற்று நரம்புப் பின்னலைச் செயலிழக்கச் செய்யும் பிளாக் பலருக்குப் பெரிய நிம்மதி தரும். உங்கள் மருத்துவமனையில் செய்ய ஆள் இல்லாவிட்டாலும், எங்கே செய்கிறார்கள் என்று தெரிந்து வைத்து, நோயாளி பயணம் செய்யும் நிலையில் இருக்கும்போதே அனுப்புங்கள்.

கடைசியாக, எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலிக்கான ஒரே தவணைக் கதிர்வீச்சு. 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அலகு) ஒரே நாளில் கொடுப்பதும், 30 கிரேயை 10 நாளாகப் பிரித்துக் கொடுப்பதும், சிக்கலில்லாத எலும்பு வலிக்கு ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம் தருகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே தவணை பெற்றவர்களில் கூடுதல் பேருக்கு மறுபடி கதிர்வீச்சு தேவைப்படுகிறது, அதுதான் வேறுபாடு. இருந்தும் பழக்கத்தாலும், தவணைக்கு இவ்வளவு என்று போடப்படும் கட்டணத்தாலும் 10 நாள் முறையே பல இடங்களில் தொடர்கிறது. கிராமத்திலிருந்து வரும் நோயாளிக்கு 10 நாள் என்பது வாடகை அறை, வண்டிச் செலவு, கூட வருபவரின் கூலி இழப்பு எல்லாமும்தான். அதனால் கதிர்வீச்சுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது "வலி நிவாரணத்துக்கு, ஒரே தவணை சாத்தியமா என்று பார்க்கவும்" என்று எழுதி, நோயாளியின் ஊரையும் தூரத்தையும் அதிலேயே குறிப்பிடுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றை நோயாளியின் கையிலும் கொடுத்து அனுப்புங்கள்.